முந்திப் பாயும் படகுகளுக்கு எந்தக் கொடி?

ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் குனிந்து நிற்பார்கள், துப்பாக்கி வெடித்ததும் கிளம்புவார்கள். பாய்மரப் படகை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. அதற்குப் பிரேக் கிடையாது. கமிட்டி படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே மனதில் போட்டுக்கொள்ளும் ஸ்டார்ட் கோட்டுக்குப் பின்னால் அலைந்துகொண்டே இருந்து, கடைசி நொடிகளில் வேகம் பிடித்து, ஹார்ன் அடிக்கும்போது மூக்கு கோட்டைத் தொடுகிற மாதிரி வர வேண்டும். பக்கத்துப் படகு இரண்டு மீட்டர் முன்னால் நகர்ந்தால் நாமும் நகர்வோம், இல்லையென்றால் அது நம் காற்றைத் தின்றுவிடும். நாம் நகர்ந்தால் அடுத்த படகு நகரும். இப்படி ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பாதிப் படகுகள் கோட்டைத் தாண்டிவிட்டால், ரேஸ் கமிட்டிக்கு இருப்பது இரண்டே வழி. முந்தியவர்களின் எண்ணைக் குறிக்க வேண்டும், அல்லது எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும்.

திரும்பக் கூப்பிடுவது சும்மா வருவதில்லை. நீல ஓரமும் மஞ்சள் நடுவும் கொண்ட முக்கோணக் கொடியை ஏற்றி இரண்டு ஹார்ன் அடித்ததும் படகுகள் திரும்பி வர வேண்டும். கொடியை இறக்கி ஒரு நிமிடம் கழித்து எச்சரிக்கை சிக்னல், அதிலிருந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் புதிய ஸ்டார்ட். எல்லாம் சேர்த்து எட்டு, பத்து நிமிடம். இரண்டு முறை நடந்தால் இருபது நிமிடம் போச்சு. மதியம் வந்து சாயங்காலம் அடங்கிவிடும் கடற்காற்றை நம்பி ஒரே நாளில் மூன்று ரேஸ் முடிக்கப் பார்க்கும் கிளப்புக்கு இது பெரிய நஷ்டம்.

அதனால்தான் விதிப்புத்தகம் ரேஸ் ஆபீசர் கையில் சில கொடிகளைக் கொடுத்திருக்கிறது. பாய்மரப் படகுப் போட்டிகளின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் புத்தகம் அது. இப்போது நடப்பில் இருப்பது 2025–2028 பதிப்பு. ஸ்டார்ட் நடைமுறை அதில் 26-ஆம் விதி. ஐந்து நிமிடம் இருக்கும்போது, எந்த வகைப் படகுக்கான ஸ்டார்ட் என்று காட்டும் வகுப்புக் கொடி ஏறும், இதுதான் எச்சரிக்கை சிக்னல். நான்கு நிமிடம் இருக்கும்போது தயார் கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது நீண்ட ஹார்னோடு தயார் கொடி இறங்கும். பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும். நேரம் கொடியை வைத்துத்தான், ஹார்ன் அடிக்காமல் போனாலும் ஸ்டார்ட் செல்லும். அந்த நான்காவது நிமிடத்தில் எந்தக் கொடியை ஏற்றுகிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. பி, ஐ, இசட், யூ, கறுப்பு என்று ஐந்து இருக்கின்றன. இசட்டையும் ஐயையும் சேர்த்தும் ஏற்றலாம்.

பி கொடி நீலம், நடுவில் வெள்ளைச் சதுரம். இதில் கடைசி நிமிடக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஸ்டார்ட் நொடியில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் திரும்பி வந்து, படகின் உடல் முழுவதும் கோட்டுக்குப் பின்னால் போன பிறகு மறுபடியும் கிளம்பினால் போதும். கோட்டில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் திரும்பலாம். கமிட்டி எக்ஸ் கொடியை, அதாவது வெள்ளையில் நீலச் சிலுவையை, ஒரு ஹார்னோடு ஏற்றி "யாரோ முந்திவிட்டீர்கள்" என்று சொல்லும். திரும்பாமல் போனால் முடிவுப் பட்டியலில் ஓசிஎஸ், அதாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர். தொடங்காத படகுக்குக் கிடைக்கும் அதே புள்ளிதான் அதற்கும் (முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும், புள்ளி குறைவாக இருந்தால்தான் நல்லது). பத்துப் பன்னிரண்டு படகு வரும் ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. எல்லோர் முகமும் தெரியும், எல்லோர் படகும் தெரியும். முந்தியவர் தனக்கே தெரிந்து திரும்பி வருவார்.

படகு இருபதைத் தாண்டும்போது கதை மாறுகிறது. கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இருபுறமும் பாய்கள் மறைக்கும். ஒன்று, பயந்து மிகவும் பின்னால் நிற்பார். இல்லையென்றால் கூட்டத்தோடு கூட்டமாகத் தாண்டிவிடுவார்.

ஐ கொடி மஞ்சள், நடுவில் கறுப்பு வட்டம். கடைசி ஒரு நிமிடத்தில் படகின் உடலில் எந்தப் பகுதியாவது கோட்டையோ அதன் நீட்சியையோ தாண்டியிருந்தால், கோட்டின் ஏதாவது ஒரு முனையைச் சுற்றி வந்துதான் தொடங்க வேண்டும். குறுக்கே திரும்பினால் செல்லாது. தண்டனை கடலிலேயே முடிந்துவிடுகிறது. யாரும் யாரையும் தகுதி நீக்கம் செய்ய வேண்டாம், கரைக்கு வந்து வாதாட வேண்டாம். ஐம்பது நொடி இருக்கும்போதே தாண்டியவர் உடனே முனையைச் சுற்றி வந்துவிட்டால் நல்ல ஸ்டார்ட்டே கூடக் கிடைக்கும். எனக்குப் பிடித்த கொடி இதுதான்.

ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. கோடு 150 மீட்டர் என்றால் நடுவில் இருப்பவர் 75 மீட்டர் போய்த்தான் முனையைச் சுற்ற முடியும். ஸ்டார்ட் ஆன பிறகு திரும்பும் படகுக்கு எந்த உரிமையும் இல்லை. உடல் முழுவதும் பின்பக்கம் போகும் வரை, முன்னால் போகிற எல்லாப் படகுக்கும் வழிவிட வேண்டும். எதிரே ஒரு சுவர் மாதிரி பாய்கள் வரும்போது அவற்றுக்குள் புகுந்து பின்னால் வருவதைச் சின்னப் பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகுகளில் பார்த்தால் வயிறு கலங்கும். காற்றும் அதிகம் இருந்தால் மோதல் நிச்சயம். சிறு கூட்டத்துக்கும் நடுத்தரக் கூட்டத்துக்கும் ஐ சரி, நீண்ட கோட்டுக்கு அவ்வளவு சரியில்லை.

இசட் கொடியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். கோட்டின் இரு முனைகளையும், படகுகள் முதலில் சுற்ற வேண்டிய மிதவையான முதல் மார்க்கையும் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். கடைசி நிமிடத்தில் அதற்குள் இருந்த படகுக்கு 20 சதவீதப் புள்ளித் தண்டனை. 25 படகு பதிவான தொடரில் முடிக்காத படகுக்கு 26 புள்ளி, அதில் 20 சதவீதம் 5.2, முழுமையாக்கினால் 5. முதலாவதாக வந்தவர் ஆறு புள்ளி வாங்குவார். மற்றவர்கள் புள்ளி மாறாது, அதனால் ஒரே புள்ளியில் இரண்டு படகு நிற்கலாம். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டாலும் இந்தத் தண்டனை போகாது, அடுத்த முயற்சியிலும் மாட்டினால் இன்னொன்று சேரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் முடிவுப் பட்டியல் போடுபவருக்குத் தலைவலி, படகோட்டிக்கோ அந்த நேரத்தில் உறைப்பதே இல்லை. கிளப் ரேஸில் இதைப் பயன்படுத்த ஒரு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான போட்டி யூவுக்கும் கறுப்புக்கும் இடையில்தான். யூ கொடி சிவப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம். 2017-ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில்தான் இது இடம்பிடித்தது. இரண்டு கொடிக்கும் அதே முக்கோணம், அதே கடைசி நிமிடம். உள்ளே இருந்தால் விசாரணையே இல்லாமல் தகுதி நீக்கம். வித்தியாசம் எல்லோரையும் திரும்பக் கூப்பிடும்போதுதான் தெரியும். யூவில் ரேஸ் மறுபடி தொடங்கினால் பழைய பாவம் எல்லாம் கழுவப்பட்டுவிடும். கறுப்பில் கழுவப்படாது. மறு ஸ்டார்ட்டின் எச்சரிக்கை சிக்னலுக்கு முன் கமிட்டி அந்தப் படகின் எண்ணைப் பலகையில் காட்டும். எண் வந்தவர் ஓரமாக நின்று மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டியதுதான். மீறி ஓட்டினால், தொடரில் மோசமான ஒரு முடிவைக் கழித்துவிடும் வசதி இருக்கிறதே, அதில் கூட இந்தத் தகுதி நீக்கத்தைக் கழிக்க முடியாது.

இரண்டிலும் இன்னொரு விஷயம் உண்டு. புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டதும் அதிர்ச்சியாகிவிடுவார்கள். எக்ஸ் கொடி ஏறாது. நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஒரு மணி நேரம் வியர்வை சிந்தி ஓட்டி, மூன்றாவதாக முடித்து, படகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அப்புறம் பலகையில் பார்த்தால் பெயருக்கு எதிரே யூஎஃப்டி, அதாவது யூ கொடித் தகுதி நீக்கம். மூன்று புள்ளி 26 புள்ளி ஆகியிருக்கும். ஆறு ரேஸ் தொடரில் ஒன்றைக் கழிக்கலாம் என்றால் முதல் யூஎஃப்டி அதில் போய்விடும். இரண்டாவது வந்தால் தொடரே போச்சு.

கறுப்புக் கொடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு படகான லேசர் வகுப்பு நல்ல உதாரணம். படகுப் பந்தயங்கள் சவானா கடலோரத்தில் நடந்தன. கடைசி ரேஸ் தொடங்கும்போது தங்கத்துக்குப் போட்டி பிரேசிலின் ராபர்ட் ஷைட்டுக்கும் பிரிட்டனின் பென் ஐன்ஸ்லிக்கும். மொத்தப் புள்ளியில் ஷைட் முன்னால் இருந்தார். படகுகள் மீண்டும் மீண்டும் முந்தியதால் கமிட்டி கறுப்புக் கொடியை ஏற்றியது. ஷைட் கோட்டைத் தாண்டினார், ஐன்ஸ்லியும் கூடவே தாண்டினார், இருவருக்கும் தகுதி நீக்கம். இருவருக்கும் அந்த ரேஸ் இல்லையென்று ஆனதும் தங்கம் ஷைட்டுக்கு, வெள்ளி ஐன்ஸ்லிக்கு. ஷைட் வேண்டுமென்றேதான் இழுத்துவிட்டார் என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். எப்படியிருந்தாலும், புள்ளியில் முன்னால் இருப்பவர் கையில் கறுப்புக் கொடி ஒரு ஆயுதமாகலாம் என்பது அன்று தெரிந்துவிட்டது. கிளப் தொடரின் கடைசி நாளிலும் இதே கணக்கைப் போடுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

யூவிலும் ஒரு ஓட்டை உண்டு. பெரிய கூட்டமாக முந்தினால் கமிட்டி எல்லோரையும் கூப்பிட்டுவிடும், அப்போது யாருக்கும் தண்டனை இல்லை என்று படகோட்டிகள் கண்டுபிடித்துவிட்டால், கூட்டத்தோடு போவதே பாதுகாப்பு என்று ஆகிவிடும். இதற்கு மருந்து ரேஸ் ஆபீசரின் மன உறுதிதான். எட்டுப் படகு முந்தினாலும் எண் தெரிந்தால் ரேஸை ஓட விட்டுவிட வேண்டும். ஒரு முறை அப்படி எட்டு யூஎஃப்டி பலகையில் ஏறினால் அடுத்த ஸ்டார்ட்டில் எல்லோரும் ஒழுங்காகப் பின்னால் நிற்பார்கள்.

"எண் தெரிந்தால்" என்றேனே, பேச்சு முழுக்க அதில்தான் இருக்கிறது. சாதாரண கிளப்பின் கமிட்டி படகில் அந்தக் கடைசி நிமிடம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இரண்டு பேர். ஒருவர் ஆரஞ்சுக் கொடிக் கம்பத்தை ஒட்டி நின்று, ஒரு கண்ணை மூடி, மறுமுனை மிதவையைக் குறி பார்க்கிறார். வாயருகே போன், ரெக்கார்டர் ஓடுகிறது. "நாற்பது நொடி, ஒன்று எட்டு இரண்டு உள்ளே... திரும்பிவிட்டது... முப்பது, நான்கு ஐந்து ஒன்பது மூக்கு வெளியே..." மற்றவர் கையில் கொடிக் கயிறு, வாயில் விசில், கழுத்தில் ஸ்டாப்வாட்ச். படகு அலையில் ஆடுகிறது. பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு பாய்களின் எண் நன்றாகத் தெரியும். அவற்றுக்கு அப்பால் இருப்பவை அவற்றின் பின்னால் மறைந்துவிடும். மறுமுனையில் என்ன நடந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இந்த நிலையில் யூ ஏற்றினால் என்ன ஆகும்? கமிட்டி படகுக்குப் பக்கத்தில் அரை மீட்டர் முந்தியவர் மாட்டுவார். மிதவைப் பக்கம் மூன்று மீட்டர் முந்தியவர் தப்பித்துக் கோப்பையும் வாங்குவார். பி, ஐ கொடிகளிலும் இதே குருட்டுப் புள்ளி உண்டு. ஆனால் அங்கே தவறாக மாட்டியவருக்குச் சில இடங்கள்தான் நஷ்டம், இங்கே ஒரு ரேஸே நஷ்டம். அதனால் என் கணக்கு இது: மிதவை முனையில் ரப்பர் படகில் இன்னொரு ஆளை, இன்னொரு ரெக்கார்டரோடு நிறுத்த முடிகிற நாளில் மட்டும் யூ. முடியாத நாளில் ஐயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கறுப்புக்கு இரண்டு முனையிலும் ஆள், முடிந்தால் வீடியோ, அதோடு எண் பலகையைத் தயாராக வைத்துக்கொண்டு ஒருவர். பெரும்பாலான கிளப்புகளிடம் அது இருக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பல கிளப்புகளில் முதல் ஸ்டார்ட் குழம்பியதும் அடுத்த கனமான கொடியை எடுக்கிறார்கள். கோட்டைப் பார்ப்பதில்லை. கோடு காற்றுக்குச் செங்குத்தாக இருந்து, போதிய நீளமும் இருந்தால் படகுகள் தானாகவே பரவி நிற்கும். பத்து டிகிரி சாய்ந்துவிட்டால், 150 மீட்டர் கோட்டில் ஒரு முனை மற்றதைவிட 26 மீட்டர் முன்னால் இருக்கும். லேசர் படகு நாலே கால் மீட்டர், ஆக ஆறு படகு நீளம் இலவசம். அந்த முனைக்கு எல்லோரும் போகாமல் என்ன செய்வார்கள்? எந்தக் கொடி ஏற்றினாலும் அங்கே நெரிசல்தான். நீளத்துக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: எல்லாப் படகுகளின் நீளத்தையும் கூட்டி, அதில் ஒன்றே காலிலிருந்து ஒன்றரை மடங்கு. 25 லேசருக்கு 130 முதல் 160 மீட்டர். படகுகள் நிற்க இடமில்லாமல் கோட்டைச் சுருக்கி வைத்துவிட்டு "ஒழுங்கில்லாத பசங்க" என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

அதேபோல் நீரோட்டம். அரை நாட் ஓட்டம் காற்றை எதிர்த்து ஓடினால், சும்மா நிற்கும் படகு கடைசி நிமிடத்தில் மட்டும் 15 மீட்டர் கோட்டை நோக்கித் தள்ளப்படும். இங்கே முந்துவது பேராசையால் அல்ல. ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி மிதவைக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாலே ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் (திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்). கோடு தப்பு என்று முப்பது நொடி இருக்கும்போது புரிந்தாலும் பரவாயில்லை, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒத்திவைப்புக் கொடியை ஏற்றிவிடலாம். ரேஸ் தொடங்கிய பிறகு எல்லோரையும் கூப்பிடுவதைவிட அது மலிவு. கறுப்புக் கொடி பறந்துகொண்டிருந்தாலும், ஸ்டார்ட்டுக்கு முன் ஒத்திவைத்துவிட்டால் யாருக்கும் தண்டனை இல்லை.

கொடியே வேண்டாம் என்று ஒரு வழியும் இருக்கிறது. 505 போன்ற சில வகுப்புகளில் கேட் ஸ்டார்ட் முறை உண்டு. ஒரு படகு இடதுபுறக் காற்றில் ஓடிக்கொண்டே போக, மற்றவை அதன் பின்னால் ஒவ்வொன்றாகக் கடந்து தொடங்கும். நகரும் படகே கோடு என்பதால் முந்துகிற பேச்சே அநேகமாக இல்லை. ஆனால் அதற்கு முன்னே ஓடும் படகு, அதை மற்றவை மோதாமல் காக்கும் காவல் படகு, எல்லோருக்கும் பயிற்சி எல்லாம் வேண்டும். பல வகைப் படகுகள் கலந்து ஓடும் கிளப்புக்கு ஒத்துவராது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் வேறு பக்கம் சாய்வேன். தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அங்கே யூ கொடி சகஜம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய நேத்ரா குமணன் சென்னைக்காரர். அந்தப் பாதையில் போக நினைக்கும் பிள்ளை ஊரில் பி கொடியிலேயே வளர்ந்துவிட்டு, வெளியூரில் முதல் நாளே இரண்டு யூஎஃப்டி வாங்கிக்கொண்டு அழுதபடி கரைக்கு வருவதில் யாருக்கும் லாபமில்லை. பெரிய போட்டிக்கு முந்தைய சில வாரங்கள் பயிற்சி ஸ்டார்ட்டுகளில் யூ ஏற்றலாம், தொடர் புள்ளியில் சேர்க்காமல். முந்தியவரிடம் எத்தனையாவது நொடியில் எவ்வளவு தூரம் என்று ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினால் ஒரே வாரத்தில் திருந்திவிடுவார்கள்.

சரி, ஒரு கிளப் என்ன முடிவெடுக்கலாம்? பதினைந்து படகுக்குள் என்றால் பி, அதற்கு மேல் ஐ. ஐயில் ஒரு முறை எல்லோரையும் கூப்பிட வேண்டி வந்தால் முதலில் கோட்டைத் திருத்திவிட்டு மறுபடியும் ஐ. அதிலும் குழம்பினால், மிதவை முனையில் ஆள் இருந்தால் யூ. இசட்டும் கறுப்பும் பெட்டியிலேயே இருக்கட்டும். கறுப்பை ஆண்டு சாம்பியன்ஷிப்புக்கு மட்டும், வெளியிலிருந்து அனுபவமுள்ள ரேஸ் ஆபீசர் வந்தால் எடுக்கலாம்.

இதைச் சீசன் தொடங்கும் முன்பே செய்லிங் இன்ஸ்ட்ரக்‌ஷனில், அதாவது போட்டிக்கென்று கிளப் எழுதித் தரும் விதிகளில், எழுதிவிடுவது நல்லது. "இந்தத் தொடரில் பி, ஐ, யூ கொடிகள் மட்டுமே பயன்படுத்தப்படும்" என்ற ஒரு வரி போதும். அதோடு இன்னொரு வரி: முந்திய படகுகளின் எண்ணை ஸ்டார்ட்டுக்குப் பிறகு விஎச்எஃப் ரேடியோவிலோ மெகாபோனிலோ கமிட்டி சொல்ல முயலும், சொல்லத் தவறினாலும் தாமதமானாலும் அதை வைத்து நிவாரணம் கேட்க முடியாது. பி, ஐ ஸ்டார்ட்டுகளில் திரும்பி வர வேண்டியவர் திரும்ப இந்த உதவி போதும், கமிட்டியும் மாட்டிக்கொள்ளாது. யூவில் பிடிபட்டவர்களின் எண்ணைப் படகுகள் கரை சேரும்போதே பலகையில் ஒட்டிவிடுங்கள், எத்தனையாவது நொடியில் பார்த்தது என்பதையும் சேர்த்து. ரெக்கார்டிங்கை எதிர்ப்பு மனுவுக்கான நேரம் முடியும் வரையாவது அழிக்காமல் வைத்திருங்கள், கேட்பவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.